மழை பெய்யாத நாளில் வளர்ந்த கறை: ஒரு வீட்டு ஆய்வுச் சேவையைப் பற்றிய மதிப்புரை

வீட்டு ஆய்வுச் சேவை என்ற பெயரில் இரண்டு வேறுபட்ட வேலைகள் நடக்கின்றன என்பதை நான் காலம் கடந்தே புரிந்துகொண்டேன். முதலாவது, வீட்டைச் சுற்றி வந்து கண்ணில் படும் குறைகளையெல்லாம் படம் பிடித்துப் பட்டியலிட்டுக் கொடுப்பது. இரண்டாவது, அந்தப் பட்டியலில் உள்ள ஒரு குறை ஏன் ஏற்பட்டது என்பதைச் சோதித்து நிறுவுவது. வீடு வாங்கும்போது நான் பெற்றது முதல் வகைச் சேவை. வீட்டில் குடியேறி ஒன்றரை ஆண்டுகள் கழித்து, வேறு வழி தெரியாமல் அழைத்தது இரண்டாம் வகைச் சேவை. இந்த மதிப்புரை இரண்டாவதைப் பற்றியது. ஆனால் முதலாவது எங்கே தவறியது என்பதைச் சொல்லாமல் இரண்டாவதன் மதிப்பை விளக்க முடியாது. இரண்டு நிறுவனங்களின் பெயரையும் இங்கே குறிப்பிடப்போவதில்லை.

வீடு 18 ஆண்டுகள் பழையது. இரண்டு தளங்கள், கான்கிரீட் கூரை, செங்கல் சுவர். வாங்குவதற்கு முன் நடந்த ஆய்வின் அறிக்கை 64 பக்கங்கள் கொண்டது. அதில் கீழ்த்தளப் படுக்கையறையின் உட்கூரையில், விளக்குப் புள்ளியைச் சுற்றி இருந்த பழுப்பு நிறக் கறையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கறைக்கு மேலே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தள்ளி மேல்தளக் குளியலறை இருந்ததால், குளியலறைத் தளத்திலிருந்து நீர் கசிகிறது என்றும், தரை ஓடுகளை எடுத்துவிட்டு நீர்த்தடுப்புப் பூச்சைப் புதிதாகப் போட வேண்டும் என்றும் அந்தப் பத்தி கூறியது. சான்றாக ஈரப்பதமானியில் தெரிந்த ஓர் எண்ணின் படமும் இணைக்கப்பட்டிருந்தது. நாங்கள் அதை நம்பினோம். குளியலறை மூன்று வாரங்கள் மூடப்பட்டது, ஓடுகள் உடைக்கப்பட்டன, பூச்சு போடப்பட்டது, கறையின் மேல் வண்ணமும் அடிக்கப்பட்டது. நான்கு மாதங்கள் கழித்து, அதே விளக்கைச் சுற்றி அதே பழுப்பு வளையம் மெல்ல எழுந்து வந்தது. இதில் எங்களைக் குழப்பியது என்னவென்றால், அந்த நான்கு மாதங்களில் அடைமழை பெய்த வாரங்களில் கறை அசையாமல் இருந்துவிட்டு, மழையே இல்லாத புழுக்கமான நாட்களில் வளரத் தொடங்கியதுதான்.

இரண்டாவது நிறுவனத்தின் மூத்த ஆய்வாளர் வந்தபோது, அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் கேள்விகள் மட்டுமே கேட்டார். கறை எங்கே இருக்கிறது என்று நான் காட்டத் தொடங்கியதும் அவர் கையமர்த்தினார்.

"எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது, சார். அது எப்போது வளர்கிறது என்பதைத்தான் முதலில் சொல்லுங்கள்."

குளியலறையைப் பயன்படுத்தாமல் வெளியூர் சென்றிருந்த நாட்களில் என்ன ஆனது, மேல்தள அறையில் யார் தங்குகிறார்கள், எந்த மாதங்களில் குளிர்சாதனப் பெட்டி (ஏசி) இரவு முழுவதும் ஓடுகிறது, வண்ணம் அடித்த தேதி என்ன என்று அவர் கேட்டவற்றில் பாதிக்கு என்னிடம் விடை இல்லை. விடை தெரியாதபோது ஊகித்துச் சொல்ல வேண்டாம் என்றும், தெரியாது என்று எழுதிக்கொள்வதே தமக்கு உதவும் என்றும் அவர் கூறினார். பிறகு ஏணியில் ஏறி, கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, கோட்டின் அருகே தேதியைச் சிறியதாக எழுதினார். கறையில் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து வளையங்கள் இருப்பதையும் காட்டினார். ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் நீரில் கரைந்துள்ள பொருள் விளிம்பில் தங்கிவிடுவதால் வளையம் உண்டாகிறது. ஆகவே இது இடைவிடாத கசிவு அல்ல, விட்டுவிட்டு வரும் கசிவு என்பது அந்த ஐந்து வளையங்களிலிருந்தே தெரிந்தது. முந்தைய ஆய்வின்போதும் வளையங்கள் இருந்திருக்கும். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஈரப்பதமானியைப் பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை. நான் உடைத்த குளியலறைக்கு அதுதான் சாட்சியாக நின்றது. ஊசி குத்தி அளக்கும் கருவி இரு முனைகளுக்கிடையே உள்ள மின்தடையை அளக்கிறது. ஊசி இல்லாமல் சுவரில் வைத்து அழுத்தும் கருவி, பரப்புக்குக் கீழே உள்ள பொருளின் மின் இயல்பை உணர்கிறது. பெரும்பாலான கருவிகளின் எண்கள் மரத்துக்காக அளவுதிருத்தம் செய்யப்பட்டவை. பூச்சிலும் கான்கிரீட்டிலும் அவை ஒப்பீட்டுக்கு மட்டுமே உதவும். உள்ளே கம்பியோ உலோகப் பெட்டியோ இருந்தால், அல்லது சுவரில் உப்பு படிந்திருந்தால், காய்ந்த இடத்திலும் எண் எகிறும். விளக்குப் புள்ளிக்குப் பின்னால் ஓர் உலோகப் பெட்டி இருக்கும் இடத்தில் ஒரே ஓர் எண்ணை எடுத்துவிட்டு அதை நீர்க்கசிவின் சான்றாகக் காட்டுவது எவ்வளவு பலவீனமானது என்பது, இவரது முறையைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது. இவர் உட்கூரை முழுவதையும் சுண்ணக்கட்டியால் 25 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து, தாளில் வரைபடமாக எழுதினார். காய்ந்த அறையொன்றின் உட்கூரையிலும் அதேபோல் அளந்து ஒப்பிட்டார். வரைபடத்தில் ஈரம் குளியலறைப் பக்கமாக நீளவில்லை. அதற்கு நேர் எதிர்த்திசையில், வெளிச்சுவரை நோக்கி ஒரு பட்டையாக நீண்டது.

அப்போதும் அவர் காரணம் எதையும் சொல்லவில்லை. இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அடுத்த வருகையில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சந்தேகத்துக்குரியவற்றை ஒவ்வொன்றாக விலக்கினார். மேல்தளக் குளிர்சாதனப் பெட்டியை இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார். காரணம் கேட்டதற்கு, சோதனை முடியட்டும் என்று மட்டும் பதில் வந்தது. குளியலறை வடிகாலைக் காற்றடைத்த பந்தால் அடைத்து, தளத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பி, மட்டத்தைச் சுவரில் குறித்து, 24 மணி நேரம் விட்டுவைத்தார். மட்டம் குறையவில்லை, கீழே வரைபடத்தின் எண்களும் மாறவில்லை. பிறகு முதன்மை வால்வை மூடி, ஒரு குழாயில் அழுத்தமானியைப் பொருத்தி, இரண்டு மணி நேரம் கவனித்தார்; முள் நகரவில்லை. கைகழுவும் தொட்டியில் சாயம் கலந்த நீரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டார். சாயம் எங்கும் தெரியவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் வடிநீர்க் குழாயில் அளந்து ஊற்றிய 2 லிட்டர் நீரும் வெளியே வைத்த வாளியில் வந்து சேர்ந்தது. எல்லாக் குழாய்களும் நல்ல நிலையில் இருக்கின்றன, ஆனால் உட்கூரை நனைகிறது என்ற இடத்தில் நாங்கள் வந்து நின்றோம். எனக்குச் சற்று எரிச்சல்கூட ஏற்பட்டது.

மூன்றாவது வருகையில் அவர் குளிர்சாதனப் பெட்டியை ஓடவிட்டார். அரை மணிக்கு ஒருமுறை கீழ் அறையின் எண்களை எழுதிக்கொண்டே வந்தார். மூன்றாம் மணியில், வெளிச்சுவரை ஒட்டிய கட்டங்களில் எண் ஏறத் தொடங்கியது. வெளிச்சுவரில் அந்தப் பெட்டியின் குளிர்ந்த செப்புக் குழாய்கள் வெளியேறும் துளையைச் சுற்றிக் காய்ந்து உதிர்ந்திருந்த பூச்சைச் சுரண்டிவிட்டு, விரலை விட மெல்லியதொரு கேமராக் கம்பியை உள்ளே செலுத்தி, திரையை என்னிடம் நீட்டினார். குழாயைச் சுற்றியிருக்க வேண்டிய கறுப்பு நுரையுறை ஒரு வளைவில் கிழிந்து பின்வாங்கியிருந்தது. அங்கே ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் களிம்பு படிந்த செம்பு வெறுமையாகக் கிடந்தது. அதன் அடிப்புறத்தில் துளிகள் வரிசையாகத் தொங்கின. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி கனத்து, நழுவி, இருட்டுக்குள் விழுந்தது.

எந்தக் குழாயும் ஒழுகவில்லை. நீர் காற்றிலிருந்து வந்தது. 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீராகப் படியும். வெளிச்சுவர்த் துளை வழியே நுழைந்த புழுக்கக் காற்று, அதைவிடப் பல டிகிரி குளிர்ந்த செம்பைத் தொட்டுத் துளியாக மாறியது. அந்தத் துளிகள் தரை ஓட்டுக்குக் கீழே உள்ள நிரப்புக் கலவையில் ஊறி, கான்கிரீட்டுக்குள் பதிந்த மின்கம்பிக் குழாயைப் பற்றிக்கொண்டு, அதன் மறுமுனையான விளக்குப் புள்ளியில் வந்து வெளிப்பட்டன. கறை தெரியும் இடத்தின் அருகிலேயே காரணத்தைத் தேடுவது எத்தனை பெரிய தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை. மழை நாட்களில் கறை வளராததற்கும் விடை கிடைத்தது: அந்த வாரங்களில் வெக்கை தணிந்திருந்ததால் நாங்கள் குளிர்சாதனப் பெட்டியைப் போடவே இல்லை. குழாயை எடுத்து முழு நீளத்துக்கும் புதிய உறை போட்டு, துளையைக் காற்றுப் புகாதபடி அடைத்து ஏழு மாதங்கள் ஆகின்றன. பென்சில் கோட்டைக் கறை இதுவரை தாண்டவில்லை.

இதே வருகையில் வெப்பப் படக்கருவியையும் பயன்படுத்தினார்கள். அந்தக் கருவி பரப்பின் வெப்பநிலையை மட்டுமே காட்டும், ஈரத்தைக் காட்டாது என்று ஆய்வாளர் தாமாகவே எச்சரித்தது பாராட்டத்தக்கது. ஈரமான இடம் ஆவியாதலால் குளிர்ந்து நீலமாகத் தெரியலாம். உள்ளே குளிர்ந்த குழாய் ஓடினாலும் அதே நீலம்தான் தெரியும். ஆனால் வாயால் சொன்ன இந்த எச்சரிக்கை அறிக்கையில் இடம்பெறவில்லை. அதைவிட மோசமாக, அறிக்கையில் இருந்த பதினான்கு வெப்பப் படங்களிலும் வண்ண அளவுகோல் படத்துக்குப் படம் தானாக மாறும்படி விடப்பட்டிருந்தது. ஒரு டிகிரி வேறுபாடு மட்டுமே உள்ள சுவர் ஒரு படத்தில் தீப்பிடித்ததுபோலச் சிவந்து தெரிகிறது. எட்டு டிகிரி வேறுபாடு உள்ள இடம் மற்றொரு படத்தில் அதே சிவப்பில்தான் தெரிகிறது. என் மனைவி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மாடிப்படிச் சுவர் இடிந்துவிடப்போகிறது என்றே நினைத்தார். இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்பவர்கள், எல்லாப் படங்களுக்கும் ஒரே அளவுகோலை வைக்க இரண்டு நிமிடம் செலவிட்டிருக்கலாம்.

விரிசல்களைப் பொறுத்தவரை எங்கள் அச்சம் வேறு வகையானது. மேல்தள அறைகளில் சுவரும் கூரைத் தளமும் சேரும் இடத்தில், சுவரின் நீளம் முழுவதும் கிடைமட்டமாக ஒரு விரிசல் ஓடியது. மூன்று முறை கொத்தனார் சிமெண்ட் கலவையால் அதை அடைத்தார்; மூன்று முறையும் சில மாதங்களில் அதே இடத்தில் திறந்துகொண்டது. அடித்தளம் இறங்குகிறது என்று பக்கத்தில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கூறியதால், நாங்கள் சில இரவுகள் சரியாகத் தூங்கவில்லை. ஆய்வாளர் விரிசலின் இருபுறமும் மூன்று சிறிய எஃகு வில்லைகளை முக்கோணமாக ஒட்டினார். இரண்டை மட்டும் வைத்தால் விரிசல் விரிவது மட்டுமே தெரியும். மூன்று இருந்தால் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் வழுக்குவதையும் கணக்கிடலாம் என்று விளக்கினார். அவருடைய உதவியாளர் மூன்று நாட்கள் காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் வந்து வெர்னியர் அளவியால் அளந்தார். காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே கூரைத் தளம் சுவரின் மேல் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் வழுக்கிச் சென்று, மறுநாள் காலைக்குள் பழைய இடத்துக்கே திரும்பியது.

கணக்கும் இதோடு ஒத்துப்போயிற்று. கான்கிரீட் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர் நீள்கிறது. எங்கள் கூரையின் நீளம் 12 மீட்டர். வெயிலில் அதன் வெப்பநிலை 15 டிகிரி உயர்வதாகக் கொண்டால் நீட்சி 1.8 மில்லிமீட்டர், இரு முனைகளுக்கும் பாதிப் பாதியாக 0.9. சுவர் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதால் 0.6 தெரிகிறது. அடித்தளம் இறங்கியிருந்தால் இயக்கம் திரும்பி வந்திருக்காது. நாள்தோறும் நகரும் இடத்தில் விறைத்த சிமெண்டை அடைத்தால் அது உடையத்தான் செய்யும். நெகிழும் சீலண்டை நிரப்பி, கூரையின் மேல் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கும்படி பரிந்துரைத்தார்கள், செய்தோம், விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. பூச்சு அடித்ததில் மேல்தள அறையின் வெக்கையும் குறைந்தது என்பது நாங்கள் எதிர்பாராமல் கிடைத்த ஆதாயம்.

கீழ்த்தளச் சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் மற்றொரு விரிசலைப் பற்றி அவர் தீர்ப்பு எதையும் வழங்கவில்லை. அதன் அகலம் 0.4 மில்லிமீட்டர். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த, பல நாடுகளிலும் எடுத்தாளப்படும் வகைப்பாட்டின்படி, 1 மில்லிமீட்டர் வரையிலான விரிசல் மிகச் சிறிய சேதமாகவும், 5 மில்லிமீட்டர் வரையிலானதுகூடத் தோற்றக் குறையாகவுமே கொள்ளப்படுகிறது. ஆயினும் அகலம் மட்டும் போதாது, அது வளர்கிறதா என்பதே கேள்வி என்று கூறி, விரிசலின் மேல் கோடுகள் பொறித்த இரட்டை நெகிழித் தகடு ஒன்றைப் பொருத்தி, ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை படம் எடுத்து அனுப்பச் சொன்னார். உடனடி விடை வேண்டுவோருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஈரம் மாறும்போது மண் வீங்குவதும் சுருங்குவதும் பருவத்தோடு சேர்ந்த நிகழ்வு என்பதால், ஒரு முழுச் சுற்று முடியும்வரை காத்திருப்பதைத் தவிர நேர்மையான வழி வேறில்லை என்றே எனக்கும் தோன்றுகிறது.

மின்சாரத்தில் எங்களுக்கு இருந்த தொல்லை, ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுக் காப்புச் சாதனம் பின்னிரவில் காரணமின்றி விழுந்து மின்சாரத்தைத் துண்டிப்பது. காலையில் ஏற்றினால் பகல் முழுவதும் ஒன்றும் ஆகாது. இரண்டு எலக்ட்ரீஷியன்கள் வெவ்வேறு காலங்களில் சாதனத்தைப் புதிதாக மாற்றிவிட்டுச் சென்றார்கள், புதியதும் விழுந்தது. இந்த நிறுவனம் இதற்கென மின் ஆய்வாளர் ஒருவரைத் தனியாக அனுப்பியது. சாதனத்தில் 30 மில்லி ஆம்பியர் என்று பொறித்திருந்தாலும், சர்வதேசத் தர விதிப்படி அது அந்த அளவின் பாதியைத் தாண்டியதும், அதாவது 15க்கும் 30க்கும் இடையே எந்தப் புள்ளியிலும் விழலாம் என்பதை அவர் முதலில் விளக்கினார். பிறகு, கசிவை அளக்கும் இடுக்கிமானியைக் கம்பியைச் சுற்றிக் கவ்வவிட்டு அளந்தார். கணினிகள், குளிர்பதனப் பெட்டி (ஃபிரிட்ஜ்), துணி துவைக்கும் இயந்திரம் என ஒவ்வொன்றிலும் இயல்பாகவே இருக்கும் சிறு கசிவுகள் கூடி 13 மில்லி ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. இவற்றில் எதுவும் பழுதல்ல. ஆனால் விளிம்புக்கு அருகில் வந்து நின்றுவிட்ட ஒரு சுற்றில் இன்னும் சிறிது சேர்ந்தாலே போதும்.

அந்தச் சிறிது எங்கிருந்து வருகிறது என்பதை அவர் கண்டுபிடித்த விதம்தான் இந்தச் சேவையின் தன்மையை முழுமையாகக் காட்டுகிறது. இரவில் மட்டும் நடப்பதால் பனி காரணமாக இருக்கலாம் என்று கருதி, தோட்ட விளக்குச் சுற்றைத் தனியாகக் கழற்றி, கம்பியின் காப்பு மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் 500 வோல்ட் காப்புத்தடைமானியால் அளந்தார். நண்பகல் வெயிலில் 5 மெகாஓமுக்கு மேல் காட்டியது. குறை எதுவும் இல்லை. இந்த இடத்தில் வேறொருவராக இருந்திருந்தால் விளக்கு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். இவர் செடிகளுக்குத் தெளிக்கும் புட்டி ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு விளக்கின் மேலும் பனிபோல மெல்லத் தெளித்து, பத்து நிமிடம் காத்திருந்து மீண்டும் அளந்தார். நான்காவது விளக்கில் எண் 0.02 மெகாஓமுக்கு விழுந்தது. அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. 230 வோல்ட்டில் அந்தத் தடை வழியே 11 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் கசியும். ஏற்கெனவே உள்ள 13உடன் சேர்ந்தால் 15 என்ற எல்லையைத் தாண்டிவிடும். சுற்றை மறுபடி இணைத்து, விளக்கைப் போட்டு, புட்டியை என் கையில் கொடுத்து, "இப்போது நீங்களே தெளியுங்கள், சார்" என்றார். தெளித்தேன், வீடு இருண்டது. ஒன்றரை ஆண்டு காலம் நள்ளிரவில் எங்களை எழுப்பிய குறை, பட்டப்பகலில் நான் விரும்பிய நேரத்தில் நிகழ்ந்தது. பழுதை நினைத்தபோது வரவழைக்கவும் நினைத்தபோது நிறுத்தவும் முடிந்தால்தான் காரணம் பிடிபட்டது என்று அவர்கள் எழுதுகிறார்கள். அதுவரை அறிக்கையில் 'சாத்தியம்' என்ற சொல்தான் நிற்கிறது.

விருந்தினர் குளியலறையின் சாக்கடை நாற்றத்துக்கு இவ்வளவு ஆய்வு தேவைப்படவில்லை. யாரும் பயன்படுத்தாததால் தரை வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய நீர் ஆவியாகி, சாக்கடைக் காற்றுக்கு வழி திறந்திருந்தது. ஒரு குவளை நீர் ஊற்றியதும் சிறிது நேரத்தில் நாற்றம் அடங்கியது. இதற்காக நாங்கள் குழாயையே மாற்றத் திட்டமிட்டிருந்தோம் என்பதை ஆய்வாளரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர்கள் தவறிய இடமும் உண்டு. மாடிப்படிக்குக் கீழே சுவரின் அடிப்பகுதியில் படிந்திருந்த வெண்ணிறப் பொடியை, முதல் வரைவு அறிக்கை பூஞ்சை என்று குறிப்பிட்டு, பூஞ்சைக்கொல்லி அடிக்கப் பரிந்துரைத்தது. அந்தப் பகுதியை இளைய ஆய்வாளர் பார்த்திருந்தார். எனக்குச் சந்தேகமாக இருந்ததால் மூத்தவரிடம் கேட்டேன். அவர் மறுநாளே வந்து, பொடியின் மேல் ஒரு சொட்டு நீரை விட்டார். பொடி கரைந்து மறைந்தது. பூஞ்சை அப்படிக் கரையாது; இது சுவருக்குள்ளிருந்து நீர் கொண்டுவந்து விட்டுச்சென்ற உப்பு. வெளியே சென்று பார்த்தபோது, தோட்டத்துக்காகக் கொட்டிய மண் சுவரில் ஓதத் (நில ஈரத்) தடுப்பு அடுக்கையும் தாண்டி மேலே ஏறியிருந்தது. ஓதம் கீழிருந்து ஏறாதபடி கட்டியவர்கள் அமைத்த தடையை, நாங்களே மண்ணால் பாலம் போட்டுக் கடக்கவிட்டிருந்தோம். அந்த அடுக்கிலிருந்து மண்ணை 15 சென்டிமீட்டர் கீழே இறக்கியதோடு வேலை முடிந்தது. சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது, பொடியை நீரால் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், கழுவினால் உப்பு திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும் என்பதால். பிழை என்னுடைய கேள்வியால்தான் வெளிவந்தது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கேட்காமல் விட்டிருந்தால் தேவையற்ற மருந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்திருப்போம். எனினும், திருத்திய அறிக்கையில் பழைய முடிவைச் சத்தமின்றி நீக்காமல், முன்பு இவ்வாறு எழுதினோம், அது தவறு, காரணம் இது என்று அவர்கள் குறித்திருந்தார்கள்.

வேறு சில குறைகளையும் பதிவுசெய்ய வேண்டும். வரைவு அறிக்கை வர, சொன்ன நாளைவிடப் பன்னிரண்டு நாட்கள் கூடுதலாக ஆயின. படங்கள் பலவற்றில் அம்புக்குறியோ அளவுகோலோ இல்லாததால், எந்தச் சுவரின் எந்த மூலை என்று நாமே நினைவிலிருந்து பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. இவர்கள் பழுதுபார்க்கும் வேலையைத் தாமும் செய்வதில்லை, செய்பவர்களையும் பரிந்துரைப்பதில்லை. பழுதைச் சொல்பவரே அதைச் சரிசெய்து ஆதாயம் பெறக்கூடாது என்ற அந்தக் கொள்கையை நான் ஏற்கிறேன். ஆனால் பிளம்பரோ கொத்தனாரோ படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு பக்க வேலைக்குறிப்பு தனியாக எழுதிக்கொடுத்தால் பெரும் உதவியாக இருக்கும். குழாய் உறையை மாற்ற வந்த மெக்கானிக்கிடம் நான் நாற்பது பக்க அறிக்கையை நீட்டியபோது அவர் அதைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. மேலும், ஐந்து வருகைகளுக்கும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. குளியலறையை ஒரு நாளும் குளிர்சாதனப் பெட்டியை இரண்டு நாட்களும் பயன்படுத்தாமல் விட வேண்டியிருந்தது. கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் இதற்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

வீடு வாங்குவதற்கு முன் ஒரே நாளில் முடிய வேண்டிய பொது ஆய்வுக்கு இவர்கள் பொருத்தமானவர்கள் அல்லர். அவர்களே அதை மறுத்துவிடுகிறார்கள். அந்த வகை ஆய்வு எங்குமே எதையும் உடைக்காமல், கண்ணால் பார்த்துச் சொல்வதோடு நிற்பது. அதன் எல்லை அதுதான். அந்த எல்லைக்குள் நிற்க வேண்டிய ஒருவர், பார்த்த மாத்திரத்தில் காரணத்தையும் எழுதிவிட்டதுதான் எங்கள் குளியலறைக்கு நேர்ந்தது. ஒரே குறை இரண்டு முறை சரிசெய்யப்பட்டு மூன்றாம் முறையும் திரும்பி வந்திருந்தால், அல்லது ஒருவர் குளியலறை என்றும் மற்றொருவர் கூரை என்றும் சொல்லி, எதையோ உடைக்கும் கட்டத்துக்கு வந்திருந்தால், உடைப்பதற்கு முன் இப்படிப்பட்ட சேவையை அழையுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. மேல்தள நடைபாதைச் சுவருக்குள்ளிருந்து சில இரவுகளில் மூன்று நான்கு முறை தட்டுவதுபோல ஓர் ஒலி வருகிறது. குழாயைச் சட்டென மூடும்போது நீர் மோதி எழும் ஒலியாக இருக்குமோ என்று பார்த்தார்கள். எவரும் நீர் பயன்படுத்தாத வேளையிலும் அது கேட்பதால் அதை விலக்கினார்கள். சூடேறிய குழாய் ஆறும்போது பிடிப்புகளில் உரசுவதாக இருக்கலாம் என்பது அடுத்த ஊகம். ஆனால் சுடுநீரை ஓடவிட்டு மூன்று முறை முயன்றும் ஒலியை வரவழைக்க முடியவில்லை. அறிக்கையில் அந்தப் பத்தியின் எதிரே 'காரணம் உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதி, தேதி, நேரம், வெளி வெப்பநிலை, கடைசியாகச் சுடுநீர் பயன்படுத்திய நேரம் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் போட்ட ஒரு தாளை இணைத்திருக்கிறார்கள். தாள் குளியலறைக் கதவின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது. நேற்றிரவுடன் பதினேழு பதிவுகள் ஆகியிருக்கின்றன, அவற்றில் பதின்மூன்று விடியற்காலை நான்கு மணிக்குப் பிறகு. விரிசல் தகட்டின் அடுத்த படத்தை அனுப்பும்போது இந்தத் தாளையும் சேர்த்து அனுப்பப்போகிறேன்.